பரீட்சை எழுதாமல் இசை பழகுவோருக்கும் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் உங்கள் பத்திரிகையின் உள்பக்கங்களில் இசை வகுப்பு அறிவித்தல்கள் நிறைய வரும். வயலின், மிருதங்கம், கீபோர்ட், கிட்டார். இந்த முறையும் ஒன்று விடாமல் வாசித்தேன். எல்லாவற்றிலும் ஒரு மூலையில் வயதெல்லை போட்டிருக்கிறது. 16, மிஞ்சினால் 18. எனக்கு வயது 53. கல்முனையில் தையல் கடை வைத்திருக்கிறேன், வீடு காரைதீவில். இரண்டு வருஷமாகக் கிட்டார் பழகுகிறேன், அதிலும் ப்ளூஸ் என்கிற வகை. என்னைப் போன்றவர்கள் கூடிப் பழக இந்தப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கிட்டார் மகனுடையது. அவன் டோஹாவுக்கு வேலைக்குப் போன பிறகு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கடற்கரைக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் உறையைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு கம்பியும் துரு. கழுத்து வளைந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. மட்டக்களப்பில் பறங்கியர் ஒருவர், ஐரோப்பிய வழிவந்தவர், திருத்துவார் என்றார்கள். மரவேலைதான் அவருக்குத் தொழில். டச்பாரில் இருந்த வீட்டையும் வீட்டிலிருந்த வயலினையும் கிட்டாரையும் 2004 சுனாமி கொண்டுபோனது. இப்போது வேறு இடத்தில் இருக்கிறார்.

கழுத்தை நிமிர்த்தி, புதுக் கம்பி கட்டி, சுருதி கூட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் கொஞ்சம் வாசித்தார். மூன்றாம் கம்பியை விரலால் அழுத்தி மேலே தள்ளினார். சுரம் ஏறியது, ஆனால் அடுத்த சுரத்துக்கு முழுதாகப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று விம்மியது. செத்த வீட்டில் அழுது ஓய்ந்த பிறகு ஒரு தாய் தனக்குள் முனகுவாளே, அப்படி ஒரு சத்தம்.

“இது என்ன அங்கிள்?”

“ப்ளூஸ் மகன். அமெரிக்காவில கறுப்பு ஆக்கள் பாடினது.”

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவரிடம் போகத் தொடங்கினேன். காசு வாங்க மாட்டார். கச்சான் வாங்கிக்கொண்டு போவேன்.

கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், ப்ளூஸ் தொடங்குவதற்கு மூன்று கோட் போதும். கோட் என்றால் பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது. ஈ செவன், ஏ செவன், பி செவன். பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு சுற்று. கட்டம் என்றால் நாலு அடி எண்ணும் நேரம். முதல் நாலு கட்டம் ஈ, பிறகு இரண்டு ஏ, திரும்ப இரண்டு ஈ, ஒரு பி, ஒரு ஏ, கடைசி இரண்டும் ஈ. அப்புறம் முதலிலிருந்து. இவ்வளவுதான் எலும்பு. ஈக்கும் ஏக்கும் இரண்டிரண்டு விரல் போதும், பி செவன் நாலு விரலையும் கேட்கும். அந்தச் சுண்டுவிரல் முதலாம் கம்பியில் ஒழுங்காக உட்கார எனக்கு ஆறு கிழமை போனது.

தாளம் தையல் மெஷினில் வந்தது. ப்ளூஸின் நடை சமமாக இருக்காது. ஒரு அடியை இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. டூம்...ட டூம்...ட என்று நொண்டி நொண்டிப் போகும். வீட்டில் எவ்வளவு எண்ணினாலும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் கடையில் பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். கால் மிதியைக் குதிக்கால் நீளமாக அழுத்த, முன்கால் சட்டென்று திருப்பித் தள்ள, அதே நடை! முப்பது வருஷமாக என் காலில் இருந்திருக்கிறது. துணியை அப்படியே விட்டுவிட்டு, வெறும் மிதியை மிதித்துக்கொண்டு வாயால் அந்தப் பன்னிரண்டு கட்டத்தையும் சொல்லிப் பார்த்தேன். அன்று ஒரு வாடிக்கையாளர் அரை மணித்தியாலம் காத்திருந்தார், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கம்பியைத் தள்ளுவது அதைவிடக் கஷ்டம். மோதிர விரலால் தள்ளும்போது நடுவிரலும் சுட்டுவிரலும் பின்னால் நின்று முட்டுக்கொடுக்க வேண்டும். ஒற்றை விரலால் தள்ளினால் விரல்தான் நோகும், சுரம் ஏறாது. வீணைக்காரர்களும் கம்பியை இழுத்துத்தானே கமகம் கொண்டுவருகிறார்கள் என்று அங்கிளிடம் சொன்னேன். “அப்ப உன்ட காதுக்கு அது தெரியும், கைக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்” என்றார். வாசித்து முடிந்ததும் வெட்டுத்துண்டு பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வைக்கிறேன். துடைக்காவிட்டால் இரண்டு மூன்று கிழமையில் துரு ஏறிவிடும்.

“இது நமக்கு எதுக்கு, வெள்ளைக்காரன் சங்கீதம்” என்று சொந்தக்காரர் சிலர் சொன்னார்கள். வெள்ளைக்காரனுடையது இல்லை. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டாக்கியது. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லி வேலை செய்த பாட்டுகளில் அதன் வேர் இருக்கிறது. காரைதீவுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது அந்நியமாகப் படவில்லை. ப்ளூஸ் பாட்டில் முதலாம் வரியைப் பெரும்பாலும் இரண்டு தரம் பாடி, மூன்றாவது வரியில்தான் பதில் சொல்வார்கள். எங்கள் கூத்தில் ஆட்டக்காரர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் பாடுவதைக் கேட்டவர்கள், இரண்டாம் தரம் அந்த வரியின் எடை கூடுவதை அறிவார்கள்.

அங்கிள் சொல்லி நான் தேடிக் கேட்ட ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மிசிசிப்பி ஜோன் ஹேர்ட். ப்ளூஸ் பாடகர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அவலோன் என்ற சின்ன ஊரில் விவசாயக் கூலி. கிட்டாரைத் தானாகவே பழகியவர். 1928 இல் அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். இசைத்தட்டு விலைபோகவில்லை, அவர் வயலுக்கே திரும்பிவிட்டார். 35 வருஷம் கழித்து 1963 இல் ஓர் இளைஞர் தேடிக்கொண்டு போனபோது அவர் அதே ஊரில்தான் இருந்தார். அந்த வருஷமே பெரிய மேடைகளில் ஏறினார், 1966 இல் காலமானார். நான் அடிக்கடி நினைப்பது அந்த நடுவில் இருந்த 35 வருஷத்தை. பகலெல்லாம் உழைத்துவிட்டு, பொழுதுபட்ட பிறகு அயலவர்களுக்காக வாசித்திருக்கிறார். அந்த விரல்கள் அவ்வளவு காலமும் உயிரோடு இருந்தது அதனால்தான்.

இனி என் குறைக்கு வருகிறேன். போன வருஷம் அங்கிளுக்குச் சுகமில்லாமல் போய், மூன்று மாதம் வகுப்பு நின்றது. வேறு இடம் தேடி ஒரு இசை வகுப்புக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா, எந்த கிரேட் சோதினைக்கு?” என்று கேட்டார். சோதினைக்கு இல்லை, பழகத்தான் என்றேன். அப்படி ஒரு பிரிவு தங்களிடம் இல்லை, பேரப்பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார். கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். அந்தத் தம்பியில் பிழை சொல்ல மாட்டேன். இசை என்றால் பிள்ளைக்கு, பிள்ளை என்றால் சோதினைக்கு, சோதினை என்றால் சான்றிதழுக்கு என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் ஆக்கி வைத்திருக்கிறோம்.

என் கடைக்கு வருபவர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தாதி சின்ன வயதில் விட்ட வீணையைத் திரும்பத் தொட ஆசைப்படுகிறார். மருதமுனையில் நெசவு செய்யும் ஒரு நாநா புல்லாங்குழல் வைத்திருக்கிறார், வீட்டில் ஊத வெட்கப்படுகிறார். இவர்களுக்கு மேடை வேண்டாம். பிழை விட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் அறை போதும்.

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கலாசார மண்டபங்களும் நூலகக் கட்டடங்களும் இருக்கின்றன, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பல இடங்களில் கதவு பூட்டித்தான் கிடக்கிறது. கிழமையில் ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம், வயது வந்தவர்களுக்கு என்று திறந்துவிடுங்கள். பத்துக் கதிரை, ஒரு லைட், ஒரு மின்விசிறி. மாதம் ஒரு தரம் தெரிந்தவர் ஒருவர் வந்து கை பிடித்துக் காட்டினால் நல்லது. வராவிட்டாலும் பழகுபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பார்கள். கரண்ட் காசை நாங்களே கட்டுகிறோம்.

விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர்க்காரன் என்ற உரிமையிலும் இதைக் கேட்கிறேன். விஞ்ஞானமும் கணிதமும் படித்த அவர்தான் வழக்கொழிந்த யாழைக் கணக்குப் போட்டுத் தேடினார். 1947 இல் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில், அதைப் பற்றி அவர் எழுதிய யாழ் நூல் அரங்கேறியபோது அவருக்கு வயது 55.

செயலகங்கள் முடிவெடுக்கும் வரை ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு என் கடையின் முன்பக்கத்தைத் திறந்து வைக்கிறேன். அங்கிளுக்கு இப்போது சுகம், அதனால் அவரிடம் காலையிலேயே போய் வந்துவிடுவேன். வெட்டும் மேசையை ஓரமாகத் தள்ளினால் ஆறு பேர் இருக்கலாம். எந்த வாத்தியமும் கொண்டுவரலாம், பெண்களும் வரலாம், என் மனைவியும் கடையில் இருப்பார். முகவரியை உங்களிடம் தந்திருக்கிறேன், கேட்டு எழுதுபவர்களுக்குத் தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
தையற்காரர் ஒருவர்,
காரைதீவு.