விட மனசு வராத அணி

டென்வர்,
15 நவம்பர் 2025

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். பெரிய நிம்மதி. ஊருக்குப் பேசும்போது நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். வித்யாவுக்கு ஒருவழியாகப் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம். கார்த்திக் பள்ளி பேஸ்பால் அணியில் கேட்சர், அதாவது பிட்சர் வீசும் பந்தைக் குந்தி உட்கார்ந்து பிடிப்பவன், ஆகிவிட்டான். எதற்கெடுத்தாலும் எங்கள் ஊர் ராக்கீஸ் அணியின் கேட்சர் ஹன்டர் குட்மேன் பெயர்தான். குட்மேன் இப்படி உட்காருவார், குட்மேன் இப்படிக் கையை வைப்பார் என்று ஹால் முழுக்கப் பயிற்சி.

"119 தோல்விக்கு அப்புறமும் ராக்கீஸைப் பார்க்கப் போவாயா? அவர்கள் என்னதான் செய்யவேண்டும் என்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். போவேன், அதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சீசன் முடிந்ததிலிருந்து அதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஒயிட் சாக்ஸ் 2024-ல் 121 ஆட்டம் தோற்றது. நாங்கள் அதைவிட இரண்டு குறைவு. ஆனால் தோற்ற விதத்தைப் பார். எதிரணிகள் எடுத்த ரன்னுக்கும் நாங்கள் எடுத்ததற்கும் வித்தியாசம் 424. 1900-க்குப் பிறகு எந்த அணிக்கும் இப்படி ஆனதில்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் தொடக்க பிட்சர்களின் ஈ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர்கள் வீச்சில் சராசரியாகப் போன ரன், 6.65. 1913-ல் ஈ.ஆர்.ஏ. அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு மோசமாக யாரும் வீசவில்லை. மே 10-ஆம் தேதி பாட்ரேஸிடம் 21-0. மறுநாள் ஜெயித்தும் மேனேஜர் பட் பிளாக்கை அனுப்பிவிட்டார்கள். அவர் போனார், தோல்வி போகவில்லை. மேனேஜர் கையில் இருப்பது அணியில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள்தானே?

என் எண்ணத்தில் ராக்கீஸின் நோய் ஒன்றே ஒன்றுதான். நல்ல விலை வரும் நேரத்தில் ஆளை விட அவர்களுக்கு மனசு வராது. 2021 ஜூலையில் ட்ரெவர் ஸ்டோரியும் ஜான் கிரேயும் ஒப்பந்தத்தின் கடைசி மாதங்களில் இருந்தார்கள். இரண்டு பேரையும் வேறு அணிக்குக் கொடுத்து இளைஞர்களை வாங்கியிருக்கலாம். வைத்துக்கொண்டார்கள். ஸ்டோரி போனதற்குப் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் இடமாவது கிடைத்தது, கிரே போனதற்கு அதுவும் இல்லை. கிரே 2023-ல் டெக்சஸோடு சாம்பியன் ஆனார். 2022-ல் டேனியல் பார்ட் பிரமாதமாக ஆட்டத்தை முடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற அணிகள் கேட்டிருக்கக்கூடிய நேரம் அது, இவர்கள் அவருக்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். எலியாஸ் டியாஸ் 2023 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர். ஒரு கேட்சருக்கு அதைவிட நல்ல நேரம் வராது. வைத்துக்கொண்டார்கள், அடுத்த ஆகஸ்டில் பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் விடுவித்தார்கள்.

விட்டால் என்ன வரும் என்பதற்கும் அதே 2023-ல் சாட்சி இருக்கிறது. பியர்ஸ் ஜான்சன் என்ற புல்பென் பிட்சரை, அதாவது தொடக்க பிட்சருக்குப் பிறகு வந்து வீசுபவரை, அட்லான்டாவுக்குக் கொடுத்து விக்டர் வோட்னிக், டேனர் கார்டன் இரண்டு பேரை வாங்கினார்கள். ஒருவர் மணிக்கு 100 மைலை ஒட்டி வீசுகிறார், இன்னொருவர் இந்த வருஷம் தொடக்க பிட்சராக ஆடினார். சின்ன பேரம்தான். ஆனால் அப்படிப்பட்ட பேரங்கள் வருஷத்துக்கு நாலைந்து நடந்திருந்தால் இன்று இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நீ உங்கள் பிட்சர் காரெட் குரோஷேவுக்காக எவ்வளவு வருத்தப்பட்டாய்! போன டிசம்பரில் அவரை பாஸ்டனுக்கு அனுப்பியபோது உன் குரலே மாறியிருந்தது. ஆனால் அந்த ஒரு டிரேடில் கைல் டீல், சேஸ் மெய்ட்ராத், பிரேடன் மான்ட்கோமரி, விக்கெல்மன் கொன்சாலஸ் என்று நாலு பேர் வந்தார்கள். மற்ற அணிகள் தங்கள் 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் விட்டவர்களை எடுக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறொரு அணியின் கிடங்கிலிருந்து எடுத்த ஷேன் ஸ்மித் ஆல்-ஸ்டார் ஆனார். 41 வெற்றி 60 ஆனது. 60 பெரிய எண் இல்லை, தெரியும். ஆனால் உங்கள் அணி எங்கே போகிறது என்று பார்ப்பவனுக்குப் புரிகிறது. எனக்கு அது போதும்.

சரி, இப்போது பெயர் பெயராகச் சொல்கிறேன்.

முதலில் கிரிஸ் பிரையன்ட். 2016-ல் உன் சிகாகோவின் வடக்குப் பக்கத்து கப்ஸ் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அந்த வருஷத்தின் எம்.வி.பி., மிகச் சிறந்த வீரர். 2022-ல் 7 வருஷத்துக்கு 18.2 கோடி டாலருக்கு இங்கே வந்தார். முதுகெலும்புத் தேய்மானம். நாலு சீசனில் ஆடியது 170 ஆட்டம், இந்த வருஷம் 11. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. முதுகு வலியோடு காலையில் எழுந்திருப்பதே போராட்டம், அதோடு மேஜர் லீக் பந்தை அடிக்க முயன்றார். ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது, பணம் எப்படியும் கொடுத்தாகவேண்டும். கணக்கு அது இல்லை, இடம். சீசன் நடக்கும்போது 60 நாள் காயப் பட்டியலில் போட்டால் 40 பேர் பட்டியலில் ஓர் இடம் காலியாகும். குளிர்காலத்தில் அந்தக் காயப் பட்டியலே கிடையாது, எல்லாரும் 40-க்குள் திரும்பி வந்துவிடுவார்கள். ரூல் 5-ல் பறிபோகாமல் இளைஞர்களைப் பாதுகாக்கவேண்டிய இந்த மாதத்தில் அந்த ஓர் இடம் தங்கம். மரியாதையோடு பேசி, முழுப் பணத்தையும் கொடுத்து, அவரை விடுவிக்கவேண்டும்.

அடுத்தது எழுதும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது. கைல் ஃப்ரீலேண்ட். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் வீசி, இந்த ஊர் அணிக்கே வந்தவர். 2018-ல் 17 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 2.85, எங்கள் அரங்கமான கூர்ஸ் ஃபீல்டில் மட்டும் எடுத்தால் 2.40! உயரமான இந்த ஊரில் ஒருத்தர் அப்படி வீசமுடியும் என்று எங்களுக்குக் காட்டினவர் அவர். அவர் ஏப்ரல், மே மாதங்களில் நன்றாக வீசினால் ஜூலையில் கோப்பைக்கு ஆடும் அணி ஒன்றுக்கு அனுப்பிவிடவேண்டும். அணிக்காக மட்டும் சொல்லவில்லை. அவருக்கு வயது 32. அக்டோபரில் இன்னொரு பெரிய ஆட்டத்தில் வீசும் வாய்ப்பு அவருக்கு வேண்டாமா? பிட்சர் சென்சடேலாவுக்கும் 2026-தான் ஒப்பந்தத்தில் உறுதியான கடைசி வருஷம். அவருக்குக் குறைந்த இன்னிங்ஸ் கொடுத்து புல்பென்னிலேயே வைத்தால் போதும்.

மிக்கி மோனியாக்கை இந்தக் குளிர்காலமே விற்கவேண்டும். மார்ச் கடைசியில் ஏஞ்சல்ஸ் விடுவித்த ஆள், இங்கே வந்து 24 ஹோம் ரன். இதுதான் அவருடைய உச்ச விலை. ஜூலையிலேயே கொடுத்திருக்கவேண்டும், ரையன் மெக்மேனை யாங்கீஸுக்குக் கொடுத்த கையோடு. டோவாரையும் டாயிலையும் இப்போது தொடவேண்டாம். இரண்டு பேருக்கும் இந்த வருஷம் சரியில்லை, இறங்கிய விலையில் விற்பது முட்டாள்தனம். பைரேட்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே 9 ரன் எடுத்த அந்த ஆகஸ்ட் 1 ஆட்டம் நினைவிருக்கிறதா? 17-16. கடைசியில் அடித்து முடித்தது பிரென்டன் டாயில். அரங்கம் அப்படி ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை!

குட்மேனை என்ன செய்வது என்று கேட்பாய். 31 ஹோம் ரன் அடித்த கேட்சர், ஆல்-ஸ்டார். நான் இதுவரை சொன்ன நியாயப்படி அவரையும் விற்கவேண்டும். மாட்டேன் என்கிறேன், கார்த்திக்குக்காக அல்ல. 2029 வரை அவர் அணியின் கையில் இருக்கிறார், சம்பளமும் குறைவு. அதற்குள் இந்த அணி நிமிரவேண்டும். அதைவிட முக்கியம், இளம் பிட்சர்களுக்கு இந்த உயரத்தில் எப்போது எந்தப் பந்தைக் கேட்பது என்று தெரிந்த ஒரு கேட்சர் வேண்டும். அது கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும்.

உண்மையான சிக்கல் பிட்சர்கள்தான். கூர்ஸ் ஃபீல்ட் ஏறத்தாழ 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவதால் அடித்த பந்து தூரம் போகிறது, அது எல்லாருக்கும் தெரியும். கர்வ் பந்து வளைய மறுப்பதுதான் பிட்சரைக் கொல்கிறது. 2002-லிருந்து பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்கிறார்கள், கொஞ்சம் உதவியது, அவ்வளவே. சேஸ் டோலாண்டரைப் பார். 2023 டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்த பையன். வெளியூரில் ஈ.ஆர்.ஏ. 3.46, இங்கே 9.98. கை ஒன்றுதான், காற்றுதான் வேறு. ஒரே ஆட்டத்தில் அவனை ஆறாவது இன்னிங்ஸ் வரை இழுப்பதை நிறுத்தவேண்டும். ஆறு தொடக்க பிட்சர் வைத்து ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஒரு நாள் ஓய்வு கொடுக்கவேண்டும். ஆட்டத்துக்கான 26 பேரில் 13 பிட்சருக்கு மேல் வைக்க விதி விடாது, அப்படியானால் புல்பென்னுக்கு ஏழு பேர். அந்த ஏழில் மூன்று பேராவது எங்கள் மைனர் லீக் அணி இருக்கும் ஆல்புகர்க்கிக்கு அனுப்பி அழைக்கக்கூடியவர்களாக இருக்கவேண்டும். ஆல்புகர்க்கியும் கிட்டத்தட்ட இதே உயரம்தான், அங்கே தாக்குப்பிடித்தவன் இங்கேயும் பயப்படமாட்டான். பெரிய பெயர் பிட்சர் யாரும் பணத்துக்காகக்கூட இங்கே வரத் தயங்குவார்கள். ஆகவே டிரேடில் வருவது எல்லாம் பிட்சராகவே இருக்கட்டும், நிறைய பேர். மெக்மேனுக்குப் பதிலாக கிரிஃபின் ஹெரிங், ஜாஷ் கிராஸ் என்று இரண்டு பிட்சர்களை வாங்கியது சரியான ஆரம்பம்.

மீதி இடங்களை இளைஞர்களுக்குத் திறந்துவிட்டால் போதும். மூன்றாம் பேஸ் கைல் கேரஸுக்கு. முதல் பேஸில் சார்லி காண்டனுக்கு வசந்தகாலப் பயிற்சியிலேயே நிஜமான வாய்ப்பு. கல்லூரியில் ஒரே சீசனில் 37 ஹோம் ரன் அடித்தவன். ஈதன் ஹாலிடே இப்போதுதான் பள்ளி முடித்திருக்கிறான், அவனை அவசரப்படுத்தவேண்டாம். மைனர் லீகில் இளைஞர்களோடு வேலை செய்து பழகியவர், பிளாக் போனபின் தற்காலிக மேனேஜரான வாரன் ஷேஃபர். ஹார்ட்ஃபோர்டிலும் ஆல்புகர்க்கியிலும் மேனேஜராக இருந்தவர். அவரையே நிரந்தர மேனேஜராக வைக்கட்டும்.

தோற்பதால் லாபம், டிராஃப்டில் முந்தி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எங்களைப் போல வருமானப் பங்கீட்டில் பணம் பெறும் அணி தொடர்ந்து மூன்றாவது வருஷம் டிராஃப்ட் குலுக்கலில் இடம் பெறமுடியாது. 2024-ல் மூன்றாவது, 2025-ல் நாலாவது எடுத்தோம். அதனால் இந்த 119 தோல்விக்கு அடுத்த வருஷம் முதல் ஒன்பது இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்காது.

ஆனாலும் இந்த மாதம் எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. அணியை நிர்வகிக்க பால் டிபோடெஸ்டாவைப் பிடித்து வந்திருக்கிறார்கள். பத்து வருஷமாகக் கிளீவ்லாந்தில் அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தவர் என்று கிண்டல் செய்கிறார்கள். அதற்கு முன் ஓக்லண்ட் பேஸ்பால் அணியில், புள்ளிவிவரத்தை வைத்துக் குறைந்த செலவில் நல்ல ஆட்களைப் பிடிக்க, அவர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அணியின் உரிமையாளர்களான மான்ஃபோர்ட் குடும்பம் முதல்முறையாக வீட்டுக்குள்ளேயே ஆள் தேடாமல் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறது. அவருக்கு டியாஸிடம் பாசம் இல்லை, பார்டிடம் பாசம் இல்லை, ஃப்ரீலேண்டிடமும் இல்லை. அந்தப் பாசம் இல்லாத கண்தான் இந்த அணிக்கு வேண்டும்.

மார்ச்சில் நீ அரிசோனா வரமுடியுமா? உங்கள் ஆட்கள் கிளென்டேலில், எங்கள் ஆட்கள் ஸ்காட்ஸ்டேலில், அரைமணி நேரக் கார்ப் பயணம். கார்த்திக்குக்கு அந்த வாரம் லீவு. காண்டனை முதல் பேஸில் நிறுத்துகிறார்களா என்று நேரிலேயே பார்த்துவிடலாம். தேதி சொன்னால் ரூம் போட்டுவிடுகிறேன். மலருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பாலு