எட்டு மடங்கு வராதது ஏன்

பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். உங்கம்மா முட்டிவலிக்குப் புது எண்ணெய் தேய்க்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து உன்னிடமிருந்து வந்தது அந்த ஒரு வரி. “அப்பா, எட்டு மடங்கு 135 வோல்ட் வருது, ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தா 30 ஆகுது, ஏன்?” நலமா என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஆனாலும் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் ஒன்பதாவதோடு நின்ற டிவி மெக்கானிக்கிடம் கேட்கிறாளே என்று, கடைக்குக் கொசு பேட் கொண்டுவந்த இருவரிடம் காட்டிவிட்டேன். அந்த பேட்டுக்குள்ளும் வோல்ட்டை அடுக்கடுக்காகப் பெருக்குகிற இதே சர்க்யூட்தான் என்றேன். நம்பவில்லை.

கூடவே அனுப்பிய படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டில் தப்பில்லை. அடியில் மேசை இல்லை, ஒற்றை இரும்புக் கட்டில் தெரிந்தது. உங்கம்மாவுக்குப் படத்தைக் காட்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் அலையின் உச்சம் 17. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற முதல் கண்டன்சரும் (நீ கெப்பாசிட்டர் என்பாய்) அதை ஒரு பக்கம் மட்டும் விடுகிற முதல் டயோடும் எதையும் பெருக்குவதில்லை. மைனஸ் 17-க்கும் பிளஸ் 17-க்கும் நடுவே ஆடுகிற அலையை அப்படியே மேலே தூக்கி, 0-வுக்கும் 34-க்கும் நடுவே ஆட வைக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த ஜோடி அந்த 34-ஐப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது ஓர் அடுக்கு. நீ நான்கு அடுக்கு கட்டியிருக்கிறாய். கீழ்க் கண்டன்சர் மேலே உள்ளதற்குக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். உச்சியில் எடுக்கிற ஒவ்வொரு துளிக்கும் கீழே உள்ளவன் பலமுறை சுமக்கிறான். அதனால் அடுக்கை இரட்டித்தால் வோல்ட் இறக்கம் ஏழெட்டு மடங்காகிவிடும். 10 மைக்ரோ கண்டன்சர், 50 ஹெர்ட்ஸ், ஒரு மில்லி ஆம்பியர் என்றால் உன் நான்கு அடுக்கில் 100 வோல்ட் அப்படியே போய்விடும். நேற்று இரண்டே அடுக்கு கட்டிப் பார்த்தேன். அதே லோடில் 50 பக்கம் நின்றது. பாதிச் சாமானில் உன்னுடையதை விட அதிகம்!

நான்கு அடுக்கேதான் வேண்டுமென்றால் 100 மைக்ரோ போடு, இறக்கம் 10 வோல்ட்டுக்கு வந்துவிடும். 25 வோல்ட் கண்டன்சர் போடாதே. முதலாவதைத் தவிர ஒவ்வொன்றின் மேலும் 34 நிற்கும். 50 வோல்ட்தான் வாங்க வேண்டும்.

230 வோல்ட் வீட்டு லைனிலிருந்து நேராக மட்டும் எடுக்காதே. அதில் உச்சம் 325. எட்டு மடங்கு 2600. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள், நீயும் செய்துகாட்ட ஆசைப்படுவாய். வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் கை வைக்காதே. ஒவ்வொரு கண்டன்சராக ரெசிஸ்டர் வைத்து உள்ளே நிற்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் தொடு.

1932-இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் இந்த அடுக்கை வைத்துத்தான் லித்தியம் அணுவை உடைத்தார்கள், 1951-இல் நோபல் வாங்கினார்கள் என்று நீதான் பிளஸ் டூவில் வந்து சொன்னாய். கடைக்குள் வராமல், வாசல்படியில் நின்றே சொன்னாய். டிவியில் வோல்ட்டை மூன்று மடங்காக்குகிற நம் கடை டிரிப்ளரும் அந்த வம்சம்தானே அப்பா என்றாய். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நீ கடைக்குள் வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாலாவது படிக்கும்போது அந்தக் கலர் டிவியின் பிக்சர் டியூபில் ரப்பர் மூடிக்கு அடியில் விரல் விட்டாய். ஷாக் தூக்கி எறிந்து, ஸ்டூல் முனையில் முழங்கை கிழிந்தது. சொன்னதைக் கேட்காமல் நோண்டினாள் என்று உங்கம்மாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையோடு நின்ற உன்னை அடிக்கவும் செய்தேன். உண்மை என்னவென்றால், டியூபில் நின்ற மின்சாரத்தை நான் இறக்கவே இல்லை. டிரிப்ளர் வழியாக 25,000 வோல்ட் ஏறுகிற இடம் அது, அணைத்த பிறகும் உள்ளே நிற்கும். அன்று சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அவசரம். அதை இறக்குகிற ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டோமே, போதும் என்று டீ குடிக்கப் போனேன். நீ எதையும் மீறவில்லை. தொடாதே என்று நான் சொல்லியிருக்கவும் இல்லை.

உங்கம்மா இன்றைக்கும் அதை உன் சேட்டையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

100 மைக்ரோ, 50 வோல்ட் கண்டன்சர் எட்டு வைத்திருக்கிறேன். விலாசம் எது என்று தெரியாததால் கல்லூரிக்கே அனுப்புகிறேன். 230-லிருந்து எடுக்காதே. மாப்பிள்ளையிடம் நான் எதுவும் பேசவில்லை, பேசவும் மாட்டேன். மாடி அறையில் ஃபேன் மாட்டியாயிற்று.

அப்பா