நம் படிப்பகச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சிரமம் பாராமல் வந்திருக்கும் வில்லாபுரத்துப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றினோம். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வழக்கம்போல் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். மாடியில் ஒழுகிய இடம் பூசப்பட்டது.

இந்த ஆண்டின் முதன்மையான வேலை கணினி அறைதான். நம் பழைய சிபியுக்கள், அதாவது கணினிப் பெட்டிகள், இரண்டும் ஆன் ஆகி முடிப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 14.10.2025உடன் நிற்கப்போவதும் தெரிந்திருந்தது. மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023லேயே திறந்தாயிற்றே, நமக்கு எதற்கு இந்தச் செலவு என்று சிலர் கேட்டார்கள். அது நமக்குப் பெருமைதான். ஆனால் குரூப் 4 விண்ணப்பத்தைக் கடைசி நாள் மாலையில் நிரப்பும் பெண்பிள்ளை, இங்கிருந்து பெரியார் நிலையம் போய் வண்டி மாறி ஆற்றுக்கு வடகரை போய்த் திரும்ப முடியுமா?

கையிருப்புக்குப் புதுக் கணினி கட்டாது. செகண்ட் ஹேண்டில், கணினியின் மூளையான ப்ராசசரைப் பொறுத்து, இரண்டு வகை கிடைத்தன. ஒன்று இன்டெல் பென்டியம் ஜி4560, மற்றொன்று ஏஎம்டி அத்லான் 200ஜிஇ. செயற்குழுவில் ஒரு சாரார், "இன்டெல்தான் பேர் பெற்றது, வேறு பேச்சே வேண்டாம்" என்றார்கள். நான் அத்லான் வாங்கியதைப் பற்றி வெளியில் இன்றும் பேச்சு இருப்பதால் காரணங்களை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜி4560 வந்தது 2017 ஜனவரியில். அறிவித்த விலை 64 டாலர். 200ஜிஇ 2018 செப்டம்பரில், 55 டாலருக்கு. இரண்டிலும் கோர், அதாவது கணக்குப் போடும் மையம், இரண்டு; த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை, நான்கு. பென்டியம் வந்த காலத்தில் அது பெரிய செய்தி. அதுவரை கூடுதல் விலை கொடுத்து இன்டெலின் ஐ3 வாங்கியவர்களுக்கே கிடைத்த, ஒரு கோரை இரண்டாக வேலை வாங்கும் ஹைப்பர் த்ரெடிங்கை அதில் கொடுத்துவிட்டார்கள். வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், அத்லான் 3.2தான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, இரண்டிலும் 8 ஜிபி ராமும், வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யும் போட்டு, பத்தாம் வகுப்புப் பாடநூல் பிடிஎஃப், விண்ணப்பப் பக்கம், யூடியூப் பாடம் என்று நம் பிள்ளைகள் செய்யும் வேலைகளையே செய்து பார்த்தோம். ஒற்றை வேலையில் பென்டியம் ஒரு கை முந்தியது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பழைய சிபியுவிலிருந்து இவற்றுக்கு மாறியபோது தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு எஸ்.எஸ்.டி.யால் வந்தது. இவை இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவருக்குத் தெரியாது.

பிறகு ஏன் அத்லான்? முதலாவது, ப்ராசசரை மாட்டும் மதர்போர்டு. பென்டியம் உட்காரும் எச்110 போர்டில் இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை ப்ராசசரோடு கதை முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கும் ப்ராசசர் பொருந்தும் இடமான சாக்கெட் அதே 1151தான் என்றாலும் அதற்கு வேறு போர்டு வேண்டும். அத்லானின் ஏஎம்4 போர்டு அப்படியல்ல. போர்டு தயாரித்தவர் கொடுத்திருக்கும் பட்டியலைப் பார்த்து, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால், நாளை பணம் சேரும்போது ஏஎம்டியின் ஆறு கோர் ரைசன் ப்ராசசரையே அதில் மாட்டலாம். இரண்டாவது, திரைக்காட்சியைக் கவனிக்கும் அத்லானின் வேகா 3 கிராஃபிக்ஸ் பென்டியத்தின் எச்டி 610ஐ விடத் தெளிவாக மேல். அது ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதால், ராமுக்குப் போகும் பாதை இரண்டாக இருக்கட்டும் என்று ஒரே 8 ஜிபிக்குப் பதிலாக இரண்டு 4 ஜிபியாக மாட்டினோம். மூன்றாவது, பெருங்கணக்குகளை வேகமாக முடிக்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் பென்டியத்தில் கிடையாது. சில மென்பொருள்கள் அது இல்லாமல் திறக்கவே மாட்டா. மின்சாரக் கணக்கில் பென்டியத்தின் 54 வாட்டுக்கு அத்லானின் 35 வாட் என்பதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். நம் உபயோகத்தில் பில்லில் அது தெரியாது.

விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசசர்களின் பட்டியலில் இரண்டுமே இல்லை. ஆகவே சிபியுக்கள் எல்லாவற்றிலும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 போட்டோம்; 2029 வரை அதற்குப் புதுப்பிப்பு வரும். தமிழ் 99 விசைப்பலகையும் இயங்குகிறது.

வந்த அத்லான்களில் ஒன்றின் அடியில், மூலையில் ஊசி போன்ற இரண்டு பின்கள் சாய்ந்திருந்தன. நம் தெருப் பாலிடெக்னிக் தம்பி, கரிமுனையை எடுத்த பென்டெல் மெக்கானிக்கல் பென்சிலின் முனையைப் பின் மேல் செருகி, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். பென்டியத்தில் பின் போர்டில் இருக்கும். அங்கே வளைந்தால் கம்பி மயிரிழை போன்றது, சரிசெய்வது அதைவிடக் கடினம். அதேநேரம் அத்லானில் ஒரு எச்சரிக்கை உண்டு. ப்ராசசர் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை நேராக இழுத்தால் ப்ராசசரும் பெயர்ந்து வந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே மெல்லத் திருகி எடுக்க வேண்டும். தயவுசெய்து யாரும் தாமாகத் திறக்க வேண்டாம்.

இந்த முடிவைத் தனியாளாக எடுத்தேன் என்பது குற்றச்சாட்டு. மூன்று முறை கூட்டம் அறிவித்தும் கோரம், அதாவது வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேரவில்லை. குறை சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த மூன்றுக்கும் வராதவர்கள். ஆண்டுச் சந்தா முந்நூறு ரூபாய். பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்களிடம் அது நிலுவையில் நிற்கிறது, சிலரிடம் இரண்டு ஆண்டுகளாக. பெயர் வாசிக்க எனக்கு விருப்பமில்லை. வீடு தேடிப் போனால் "அடுத்த வாரம் வாங்க அண்ணே" என்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அந்த அறையில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்குச் சரி. கணினி வகையில் சிறு தொகை முன்பணமாக ஈடுகட்டப்பட்டுள்ளது. விவரம் பொருளாளரிடம் உள்ளது.

மாடியைத் தந்த குடும்பத்தாருக்கும், மின்வேலை செய்த தோழருக்கும், தலைவர் அவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் யுபிஎஸ் பேட்டரி மாற்றியாக வேண்டும். மின்சாரம் போனால் பாதி விண்ணப்பம் போய்விடுகிறது. இரண்டு சிபியுக்களுக்காவது ரைசன் போட வேண்டும் என்பது என் ஆசை. நிலுவை வந்தாலே இரண்டும் நடக்கும், தனி வசூல் தேவைப்படாது. வராவிட்டால் இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றுப் பார்ப்பதே சங்கத்துக்கு நல்லது என்பதையும் பணிவோடு தெரிவிக்கிறேன். ரசீதுப் புத்தகம் இன்று வாசல் மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்