அந்த கிரேன் ஓட்டுநரை மாற்றாதே

அன்புள்ள மகளுக்கு,

உன் கதையின் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். வாசிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் உன் வயதுப் பெண்கள், ஆகவே 58 வயது டவர் கிரேன் ஓட்டுநரை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணை வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

தன்னைப் போன்ற பாத்திரத்தோடுதான் வாசகர் ஒன்றுவார் என்பது பாதி உண்மை. அரிஸ்டாட்டில் இதை இரண்டாகப் பிரித்தார்: தகாத துன்பம் படுகிறவனைக் கண்டால் இரக்கம், நம்மைப் போன்றவன் படுவதைக் கண்டால் அச்சம். சாயல் அச்சத்துக்குத்தான் வேண்டும். 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் இருவர் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் பெரிய முக்கோணத்தை முரடன் என்றார்கள். வட்டம் பயப்படுகிறது என்றார்கள். வட்டத்துக்கு வயதேது, ஊரேது? துரத்தினால் விலகி ஓடியது, அவ்வளவுதான்.

சாயலில் ஒரு வம்பும் உண்டு. நர்ஸைப் பற்றிய கதையை நர்ஸ் படித்தால் துணைக்கு வரமாட்டார், தணிக்கைக்கு வருவார். டிரிப் ஏற்றும் இடத்தில் ஒரு பிழை போதும், புத்தகத்தை மூடிவிடுவார். இளம்பெண்ணை வைத்தால் உன் வாசகிகளும் அப்படித்தான்: "நாங்கள் இப்படிப் பேசமாட்டோமே."

திரைப்பட ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995-இல் செய்த பகுப்பு உனக்குக் கைகொடுக்கும். பாத்திரத்தை ஓர் ஆளாக இனங்காண்பது ஒன்று. அவர் பார்ப்பதையும் உணர்வதையும் நமக்குத் தெரியவைத்து அவரோடு நடக்கவைப்பது இன்னொன்று. அவர் பக்கம் சேர்வது மூன்றாவது. உன் முதல் அத்தியாயம் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. வயது, சர்க்கரை வியாதி, மனைவியின் பெயர் என்று இரண்டு பக்கம்; அவருக்கு என்ன வேண்டும் என்பது 11-ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. சர்க்கரை வியாதி தானாக வரும்.

எப்படி என்கிறாயா? இரண்டாம் அத்தியாயத்தில் நீயே செய்திருக்கிறாய். கீழே இறங்கி ஏறினால் வேலை நிற்கும் என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். காற்று எழுகிறது. கொக்கியில் பாரம் தொங்குகிறது. கீழே கைச்சைகை காட்டுகிறவன் வேறு பக்கம் பார்க்கிறான். கிரேனையே கிட்டத்தில் பார்க்காதவளும் அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். (சிறுநீரை அடக்கியிராதவர் உலகத்தில் யார்?)

இதனால் அடையாளங்களை அழித்து அவரைப் பொதுவான ஆளாக்கிவிடாதே. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்கிறது தொல்காப்பியம். ஆனால் அந்தப் பாட்டுகளில் நிலம் எது, பொழுது எது, பூத்தது எது என்பதெல்லாம் அச்சொட்டாக இருக்கும். பெயர் போகலாம், அந்தத் துல்லியம் போகக்கூடாது.

ஒன்றை மட்டும் தள்ளிவிட மாட்டேன். தன்னைப் போன்றவரைக் கதையில் கண்டே இராதவருக்கு, குறிப்பாகக் குழந்தைக்கு, அப்படி ஒருவர் வருவதே பெரிய விஷயம். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கும் ஆசையும் இழப்பும் இல்லையென்றால் இரண்டாம் முறை யாரும் புரட்டமாட்டார்கள்.

திருத்தியபின் ஆறு பேரிடம் கொடு. மூன்று பேராவது அந்த ஓட்டுநரோடு எந்த ஒட்டும் இல்லாதவர்களாக இருக்கட்டும். "பிடித்ததா?" என்று கேட்காதே, மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "இப்போது அவருக்கு என்ன வேண்டும்? கிடைக்காவிட்டால் எது போகும்?" என்று கேள். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக் கீழே வைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள். நாலு பேர் பதில் சொல்லத் திணறினால் அந்தக் காட்சியைத் திருத்து, ஆளை மாற்றாதே.

காற்று எழும் இடத்தில் கை வைக்காதே. மூன்றாம் அத்தியாயத்தில் மகனோடு போனில் பேசும்போது "எனக்கு வயதாகிவிட்டது" என்கிறாரே, அந்த வரி வேண்டாம், அடித்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா