தேன்மொழிக்கு, பாதியில் நிற்கும் கதை பற்றி

அன்புள்ள தேன்மொழி,

"ஆராய்ச்சி, கதை இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாதும்மா, எழுதுவதை விட்டுவிட்டேன்" என்று போன வாரம் போனில் சொன்னாய். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் நீ அலமாரியில் விட்டுப்போன, ஃபிரெட் வர்காஸ் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் துப்பறியும் நாவல்களை எடுத்துப் படித்தேன். அந்த அம்மாவைப் பற்றியும் தேடிப் படித்தேன்.

1957-இல் பாரிஸில் பிறந்தவர். வர்காஸ் என்பது புனைபெயர்தான். பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையத்தில் பழங்கால விலங்கு எலும்புகளை ஆராய்ந்தவர். லா ஷாரிதே-சூர்-லுவார் என்ற ஊரின் பழைய மடாலயத்தில் கிடைத்த எலும்புகளைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறார். பல் தேய்ந்திருப்பதை வைத்து ஆட்டின் வயதையும், கத்திக் கீறலை வைத்து அதை வெட்டிய விதத்தையும் கண்டுபிடிக்கிற வேலை. நாவலுக்கு அவர் ஒதுக்கியது விடுமுறையை. மூன்று வாரத்தில் முதல் பிரதியை எழுதிவிடுவார், திருத்தம்தான் மாதக்கணக்கில் நடக்கும்.

2001-இல் வந்த கொள்ளைநோய்க் கதை உனக்கு நினைவிருக்கும். பாரிஸில் ஒரு முச்சந்தி. பழைய மாலுமி ஒருவர், மக்கள் காசோடு பெட்டியில் போடுகிற சீட்டுகளைத் தினமும் உரக்கப் படிக்கிறார். நடுநடுவே யாருக்கும் புரியாத பழைய நடையில் சில சீட்டுகள். இன்னொரு பக்கம் அடுக்குமாடி வீட்டுக் கதவுகளில் கறுப்பு நிறத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய 4. ஒரே ஒரு கதவில் மட்டும் இல்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டே வருடத்தில், 2003-இல், எலியும் தெள்ளுப்பூச்சியும் மனிதனும் கொள்ளைநோயைப் பரப்பிய வழிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் வந்தது. ஒரே விஷயம், ஒரே மேஜை. அதனால்தான் கேட்கிறேன், நீ நாளெல்லாம் லேபில் கையாளுகிற மண்ணும் மண்புழுவும் உன் கதைக்கு எப்படி எதிரியாகும்? தினமும் எழுதச் சொல்லவில்லை. அவரும் அப்படி எழுதியவர் இல்லை.

உன் தபால்காரர் கதை நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில், பூட்டிய வீட்டுக்குள் இருமல் கேட்டு அவர் கதவைத் தட்டுவதோடு நிற்கிறது. உள்ளே யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். டிசம்பரில் உனக்கு எத்தனை நாள் லீவு?

அன்புடன்,
அம்மா