மாநிறமும் மேடை விளக்கும்: பள்ளி நாடகக் குழுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பள்ளிகளின் நாடக பூஸ்டர் கிளப்புகளில் (நாடகக் குழுவுக்குப் பணம் திரட்டும் பெற்றோர் சங்கங்களில்) பொறுப்பில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். எடிசனிலும் ஃப்ரிஸ்கோவிலும் ஃப்ரீமாண்டிலும் பள்ளியில் மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமும் கலந்த நாடகம், என்றால் இடைவேளையில் தின்பண்டம் விற்பது முதல் கணக்கு எழுதுவது வரை உங்களில் பலர் ஓடியாடிச் செய்கிறீர்கள். காசு எதற்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் உங்களுக்கும் ஓட்டு உண்டு. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. இனச் சமத்துவம் பற்றி 2020-ல் அறிக்கைகள் குவிந்தன. விளக்கு, விக், பவுடர், பஸ் இவற்றுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் அந்த அறிக்கைகளின் மதிப்பு தெரியும்.

அடுத்த வருட நாடகம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிவாகிவிடும். யாருக்கு என்ன வேடம் என்ற சண்டை செப்டம்பரில் வெடித்தாலும் அதற்கு வித்து விழுவது அங்கேதான். ஒரு பாத்திரத்தின் இனமே கதைக்கு உயிர் என்றிருந்து, அந்த வேடத்துக்குப் பள்ளியில் பிள்ளைகள் இல்லையென்றால், அந்த நாடகத்தை எடுக்காதீர்கள். 2015-ல் பென்சில்வேனியாவின் கிளேரியன் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பாத்திரங்களுக்கு இந்தியரல்லாத மாணவர்களைப் போட்டது தெரியவந்ததும், நாடகாசிரியர் லாயிட் சூ அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்பு அனுமதியைத் திரும்பப் பெற்றார். ஒத்திகை பார்த்த மாணவர்களுக்கு மேடை இல்லாமல் போயிற்று. மோசமான வரிகளை நாமே வெட்டிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் ஒரு வரியை மாற்றினாலும் உரிம ஒப்பந்தத்தை மீறியதாகும். உரிமம் தரும் நிறுவனங்கள் படித்துப் பார்ப்பதற்கென்று பிரதி கொடுக்கின்றன. பணம் கட்டுமுன் அதை முழுதாகப் படியுங்கள்.

இன்னொன்று. அரபுக் கதை மியூசிக்கல் போட்டால் நம் வீட்டுப் பெட்டிகளிலிருந்து பட்டுப்பாவாடையும் நெற்றிச்சுட்டியும் கிளம்பிவிடுகின்றன. பாக்தாத் சந்தைக்குக் காஞ்சிபுரம் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நம்மைக் கலந்துகட்டினால் நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அந்தக் கோபம் இங்கேயும் வர வேண்டும்.

நிறமே பார்க்காமல் வேடம் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்று 1996-ல் பிரின்ஸ்டனில் நாடகக்காரர்கள் கூடிய மாநாட்டிலேயே வாதிட்டார் கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன். வெள்ளையர் வாழ்வுக்காக எழுதிய வேடத்தில் கறுப்பு நடிகரை நிறுத்துவது அவருக்கு உடன்பாடில்லை. கறுப்பர் வாழ்வைச் சொல்லும் நாடகங்களுக்கும் அரங்குகளுக்கும் பணம் வேண்டும் என்றார். பள்ளிக்கு அவ்வளவு கறார் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. பழைய செவ்வியல் நாடகத்தில் எந்தப் பிள்ளையும் ராஜாவாகலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான நான்கு வருடத்தில், வெள்ளையரல்லாதவர் எழுதிய நாடகம் குறைந்தது இரண்டு மேடையேற வேண்டும். ஒன்று என்பது கஞ்சத்தனம்.

ஆடிஷனில், அதாவது வேடத்துக்கு ஆள் தேர்வு செய்யும்போது, மூன்று பேர் தனித்தனித் தாளில் மதிப்பெண் போடட்டும். பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. குரல், உச்சரிப்பு, உடலசைவு, இயக்குநர் சொன்னதும் மாற்றிச் செய்யும் திறன் என்று தலைப்புகள் இருக்கட்டும். ‘தோற்றப் பொருத்தம்’ என்ற தலைப்பு மட்டும் வேண்டாம். ‘அம்மாவும் மகளும் ஒரே சாயலில் இருக்க வேண்டாமா’ என்ற சாக்கு அந்த வழியாகத்தான் உள்ளே வரும். சொந்தப் பாட்டோடு வா என்றால், தனியாகக் குரல் பயிற்சிக்குப் போகும் பிள்ளை ஜெயிக்கும். எல்லோருக்கும் ஒரே பாட்டை ஒரு வாரம் முன்பே, பியானோப் பதிவோடு கொடுத்துவிடுங்கள். நாடகத்தில் சேரும் கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்கப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கட்டும். ஏன் என்று கேட்காதீர்கள். ஒத்திகை ஆறு மணிக்கு முடிந்து, கடைசிப் பள்ளிப் பேருந்து நாலரைக்கே போய்விட்டால், ஆடிஷன் தாளில் பெயரே எழுதாமல் விலகும் பிள்ளைகள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இனி விளக்கு. எங்கள் அனுபவத்தில் அதிகம் சொதப்புவது இங்கேதான். கருத்த தோல் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். வெளிர் நிறப் பின்திரை முன்னால் நின்றால் முகம் மறைந்து பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். உடனே முன்விளக்கை ஏற்றுவார்கள். பக்கத்தில் நிற்கும் வெள்ளைப் பிள்ளையின் முகம் வெளுத்துப் போகும், கருத்த பிள்ளையின் நெற்றி மட்டும் எண்ணெய் வைத்த மாதிரி மின்னும். செய்ய வேண்டியது வேறு: இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, பக்கத்திரைகளின் இடையிலிருந்து தலை உயரத்தில் ஒன்று, தோளையும் தலைமுடியையும் திரையிலிருந்து பிரித்துக் காட்டப் பின்னாலிருந்து ஒன்று. வண்ணத்தில் வெளிர் அம்பரும் லாவெண்டரும் மாநிறத்துக்கு உயிர் கொடுக்கும். பச்சை கலந்த நீலம் சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடும். கிளப் காசில் எல்இடி விளக்கு வாங்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள மலிவான ஆர்ஜிபி வகையைத் தவிருங்கள். மூன்றுக்கும் இடையே மஞ்சள், அம்பர் பகுதியில் பெரிய ஓட்டை இருப்பதால் பழுப்புத் தோல் செத்துப்போய்த் தெரியும். அம்பரோ லைமோ (மஞ்சள் கலந்த பச்சை) சேர்ந்ததாக வாங்குங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை. விளக்கைத் திருப்பிச் சரிசெய்யும் நாளில் நடிகர்களிலேயே மிகக் கருத்த பிள்ளையையும் மிக வெளுத்த பிள்ளையையும் இருபது நிமிடம் மேடையில் சேர்த்து நிறுத்துங்கள். காலி மேடையைப் பார்த்து விளக்குப் போட்டால், முதல் காட்சியன்றுதான் தப்பு தெரியும்.

ஒப்பனைப் பெட்டியைத் திறந்தால் ஐவரி, பெய்ஜ் என்று வெளிர் நிறங்களே வரிசையாக இருக்கும், பழுப்பு ஒன்றோ இரண்டோ. பள்ளியிலிருக்கும் தோல் நிறங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாடையிலிருந்து கழுத்துவரை தடவி, மேடை விளக்கின் கீழ் நின்று பாருங்கள். ஒளிபுகும் பவுடர் என்று விற்பது உண்மையில் வெள்ளைப் பொடி, கருத்த முகத்தில் விபூதி மாதிரி நிற்கும். நிறம் கலந்த பவுடர் வேண்டும்.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. ஒப்பனை அறைக்கு வரும் அம்மாக்கள் சிலர் கைப்பையிலிருந்து இரண்டு ஷேடு வெளுத்த காம்பாக்டை எடுத்துத் தம் பெண்ணுக்கு அப்புகிறார்கள். விளக்கு பட்டதும் முகம் சுண்ணாம்புச் சுவர், கழுத்தும் கையும் வேறு நிறம். பிள்ளையைச் சிவப்பாக்கும் ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் அம்மா. அதே அறையில் இருக்கும் கறுப்பினப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விக் வைக்குமுன் கறுப்பினப் பிள்ளைகளின் சுருட்டை முடியைத் தலையோடு ஒட்டச் சிறு பின்னல்களாகப் பின்ன வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், தெரிந்த கைதான் செய்ய வேண்டும். அந்தக் கூலி உடைச் செலவில் சேரட்டும், பெற்றோர் தலையில் கட்டாதீர்கள். நம் பெண்களின் நீள முடியைக் கொண்டையாகப் போட்டால் விக் பின்னால் எழும்பி நிற்கும். இரட்டைப் பின்னல் போட்டு, குறுக்காகச் சுற்றித் தட்டையாகப் பின் குத்துங்கள். மைக் ஒட்டும் நாளில் தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. டேப் நழுவும், மைக் வாய் அடைபடும். நடனத்துக்கு ‘தோல் நிற’ டைட்ஸ் (காலோடு ஒட்டிய உறை) வாங்கச் சொன்னால் யாருடைய தோல் என்று கேளுங்கள். நியூயார்க்கின் கறுப்பின பாலே குழுவான ஹார்லெம் நடன நாடகக் குழு 1970-களிலேயே டைட்ஸையும் காலணியையும் ஆடுபவரின் நிறத்துக்குச் சாயமேற்றத் தொடங்கிவிட்டது.

கடைசியாக, இனச் சமத்துவத்தில் பயிற்சியுள்ள நாடகக் கலைஞர் ஒருவரைப் பள்ளிக்கு அழைப்பது. புகார் வந்த பிறகு தொண்ணூறு நிமிடப் பட்டறை ஒன்று நடத்தினால் எல்லோரும் நெகிழ்ந்துபோய்க் கலைவார்கள், திங்கட்கிழமை எதுவும் மாறியிருக்காது. நாடகத் தேர்வுக் கூட்டத்தில் ஒரு முறை, முதல் வாசிப்பன்று ஒரு முறை, ஒத்திகை நடுவில் ஒரு முறை, நாடகம் முடிந்து ஒரு முறை என நான்கு வருகைக்குச் சம்பளம் பேசுங்கள். இன வசவுச் சொல் வரும் காட்சியை எப்படி ஒத்திகை பார்ப்பது, எந்தப் பிள்ளை எப்போது ‘நிறுத்து’ என்று சொல்லலாம் என்பதையெல்லாம் அவர் இயக்குநரோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். குழுவில் இருக்கும் ஒரே கறுப்பின மாணவியிடம் அந்த விளக்கவுரையைக் கேட்காதீர்கள். அவள் நடிக்க வந்தவள்.

இந்தத் தொகையைத் தனித் தலைப்பில் எழுதி வையுங்கள். செட்டுக்குப் பலகை வாங்கப் பணம் பற்றாமல் போகும்போது முதலில் கை வைப்பது இதில்தான்.

அன்புடன்,
பள்ளி மேடைகளில் ஒளி, ஒப்பனை, நடிப்புப் பயிற்சி தரும் தமிழர்கள் சிலர்