எலும்பு என்றால் கால்சியம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எலும்புத் தேய்மானம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பால், கேழ்வரகு, வெயில், நடைப்பயிற்சி என்று சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் எலும்புக்குள் வாழும் செல்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. படித்து முடிப்பவர் மனதில் எலும்பு வெறும் கால்சியம் மூட்டையாகத்தான் நிற்கும்.

ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் எலும்பைக் கட்டுகின்றன, ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கரைக்கின்றன. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட்டுகள், எங்கே சுமை விழுகிறது என்று உணர்ந்து இரண்டுக்கும் சேதி அனுப்புகின்றன. எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவைதான். இந்தச் சேதிகள் செல்களுக்குப் போய்ச் சேருவதில் புரோட்டியோகிளைக்கான்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு புரதத் தண்டு, அதில் நீண்டு தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள், அவ்வளவுதான் அமைப்பு. சங்கிலிகளில் எதிர்மின்சுமை அதிகம். அதனால் நீரையும், செல்களுக்குச் சேதி சொல்லும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பைகிளைக்கான் என்ற ஒரு புரோட்டியோகிளைக்கானை எடுத்துக்கொள்வோம். அதற்கான ஜீன் நீக்கப்பட்ட எலிகளைப் பற்றி 1998-இல் ஆய்வு வெளிவந்தது. அந்த எலிகள் பிறக்கும்போது இயல்பாகவே இருந்தன. வளர வளர எலும்பு நிறை குறைந்தது. பிறகு டெகோரின் என்ற இன்னொன்றையும் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது. காரணம்தான் முக்கியம்: டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் போக, அதன் சேதி அளவுக்கு மீறிப் பாய்ந்து, எலும்பைக் கட்ட வேண்டிய மூலச் செல்களே மடிந்தன. கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் கட்டுவதற்குச் செல் வேண்டாமா?

பெர்லிக்கான் என்ற மற்றொரு புரோட்டியோகிளைக்கான் வேறொரு வேலை செய்கிறது. ஆஸ்டியோசைட்டின் மெல்லிய கைகளைச் சுற்றியுள்ள இடைவெளியில் இருந்துகொண்டு, சுமையின் அதிர்வு செல்லை எட்ட உதவுகிறது. இது குறைந்த எலிகளில், எலும்புக்குச் சுமை கொடுத்தாலும் அது வளர்ந்து ஈடுகொடுப்பது குறைகிறது. நடைப்பயிற்சி ஏன் எலும்புக்கு நல்லது என்று கட்டுரை சொல்லாமல் விட்ட விளக்கத்தில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

மனிதர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினும் இதே சர்க்கரைச் சங்கிலிக் குடும்பம்தான். அதை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டால் எலும்பு மெலியலாம். எலும்பு கரைவதைத் தடுக்கும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதத்தோடு ஹெப்பாரின் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கெடுப்பதை ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இதைப் படித்து யாரும் ஊசியைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், இதை வைத்து யாராவது, இதே வகைச் சர்க்கரைச் சங்கிலியான காண்ட்ராய்ட்டினை மாத்திரையாக விற்க வந்துவிடுவார்களோ என்பது என் கவலை. 2006-இல் அமெரிக்காவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையை விட வலியைத் தெளிவாகக் குறைக்கவில்லை. விழுங்கும் சங்கிலி அப்படியே போய் எலும்பில் உட்கார்ந்துவிடாது.

எலும்புச் செல்களைப் பற்றி, இத்துறையில் ஆய்வு செய்பவர் ஒருவரிடம் தனிக் கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள். பிளஸ் டூ மாணவர்களுக்கும் புரியும்படி படங்களோடு வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்